பெயர்: சங்கரன்கோவில்

பட்டியலில் பெயர் தேடுகிறவன் இறந்தவரைக் கண்டுபிடிக்கும் முன், அவர் பெயரைக் கொலை செய்த குமாஸ்தாவைப் புரிந்துகொள்ள வேண்டும். சிறுவர் பக்கத்தில் முப்பது வருடம் 'ஆறு வித்தியாசம்' போட்டவன் நான். இப்போது சங்கரன்கோவிலில் உட்கார்ந்து, சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர்கள் இழுத்துப் போய்ச் சாகடித்த மலாயாத் தோட்டத் தமிழர்களைக் கணினியில் தேடிக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாரையாவது தேடியிருந்தால் இந்தப் பாடு தெரியும்.

சோடாவும் மூட்டும்

திருவேங்கடத்திலிருந்து வந்த அம்மாவுக்குத் தாத்தா சுடலைமுத்து வேண்டும். மூன்று நாள் கழித்து, ஆங்கில எழுத்தில் 'சோடாலி மூட்டு' என்று அகப்பட்டார். திரையைக் கும்பிட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "சோடாக் கடை போர்டு மாதிரில்லா எழுதி வச்சிருக்கான்!"

சித்தி

வேலாயுதம் அண்ணாச்சிக்கு எண்பத்து நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது மலாயாத் தோட்டத்திலிருந்து அப்பா சங்கரனை லாரியில் ஏற்றிப் போனார்கள். குழந்தையோடு ஊர் திரும்பிய தாயிடம் சொந்தக்காரர்கள், "அவன் அங்கன ஒருத்தியச் சேத்துக்கிட்டான்" என்றார்கள். அதைக் கேட்டே வளர்ந்தவர் இவர்.

பட்டியலில் சங்கரன்களுக்குப் பஞ்சமில்லை. இவர் அப்பாதான் இல்லை. வாரா வாரம் வாசலிலேயே நின்று கேட்பார்: "எங்க சித்தி சிக்கிட்டாளா வே?"

ஒரே சொல், இரண்டு கட்டம்

ஒரு வரியை நான் தாண்டிக்கொண்டே இருந்தேன். பெயர்: சங்கரன்கோவில். ஊர்: சங்கரன்கோவில். குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் எழுதியது என்று நினைப்பு. நான்காம் மாதம், வேறு வழியில்லாமல் அந்தக் கோப்பைத் திறந்தேன். போர் முடிந்ததும் கணவரைத் தேடி ஒரு பெண் கொடுத்த மனு. மனுதாரர் அண்ணாச்சியின் அம்மா!

அந்த வரியைக் காட்டியதும் அண்ணாச்சி சிரித்துவிட்டார். அம்மா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாராம். ரேஷன் கடையில்கூட, "எங்க ஊர்ப் பேருதான் அவுகளுக்கு" என்பாராம்.

அடியில் ஒரு குறிப்பு. அம்மா கப்பலேறிய பிறகு எழுதியது. அந்தக் கணவர் காலராவில் இறந்ததாகவும், தன் கையாலேயே புதைத்ததாகவும் ரயில் பாதை முகாமிலிருந்து மீண்ட தொழிலாளி ஒருவர் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ, இல்லாத சக்களத்தியவா எங்கம்மா ஆயுசு பூரா ஏசிட்டுக் கிடந்தா?"

திருத்தம்

பட்டியலை வைத்திருக்கும் காப்பகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார். "கோவிலை எடுத்துட்டு சங்கரன்னு போடும் வே. எங்கம்மா சொன்னதா மட்டும் எழுதிராதேயும்!"

முப்பது வருடம் குழந்தைகளுக்கு ஆறு வித்தியாசம் போட்டவனுக்கு, ஊருக்கும் ஆளுக்கும் இருந்த ஒரே வித்தியாசம் தெரிய நான்கு மாதம் ஆயிற்று.