பேர் வெட்டிய மோட்டார்

மதராஸில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கொட்டகையில் அந்த வண்டியை முதலில் பார்த்தபோது அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பந்தயத்தில் ஓடிய பழைய மோட்டார். இரண்டே பேர் உட்காரலாம். உடம்பில் பொட்டுப் பெயிண்ட் கிடையாது. வெறும் அலுமினியத் தகடு, தேய்த்துத் தேய்த்து வெள்ளிக் குடம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். எத்தனையோ வண்டி ஓட்டியவன் நான். அதைத் தொட மட்டும் கை கூசியது.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் நான் டிரைவர். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். சீரோடு பந்தய மோட்டாரும் வேண்டும் என்று பள்ளத்தூர் மாப்பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

அதை வாங்கிக்கொண்டு ஊர் வரும்வரை வண்டியின் நீண்ட மூக்கில் மேகம் ஓடிக்கொண்டே வந்தது. நான் ரோட்டைப் பார்ப்பதா, அதைப் பார்ப்பதா? புதுக்கோட்டை தாண்டி ஆடு மேய்த்த ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

பெண்ணின் தாயார், வீட்டு ஆச்சி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்னப்பா, பெயிண்டு கூட இல்லாம ஓட்டியாந்திருக்கே! மருதையிலேருந்து ஆளக் கூப்பிட்டுப் பச்சை அடிச்சுப் புதுசாக்கு."

எனக்கு வயிறு எரிந்தது. "இப்படிச் சொல்றீகளே ஆச்சி! அடிச்சுட்டா இந்த அழகு போயிருமே" என்று கெஞ்சினேன்.

"சீர்ல பழசு வைக்கிற வழக்கம் நம்ம வீட்டுல இல்ல" என்று உள்ளே போய்விட்டார்.

பெயிண்டருக்கு முன்னால் வேறொருவர் முந்திக்கொண்டார். எங்கள் பக்கத்தில் சீர்ச் சாமான் ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயரெழுத்தை வெட்டிவிடுவார்கள். அண்டாவோ கரண்டியோ, பேர் வெட்டினால் அது அவளுக்குத்தான். வேறு யாரும் கை வைக்க முடியாது. அதற்காக வந்த ஆசாரியிடம், "ஒண்ணு விடாம வெட்டுங்க" என்று ஆச்சி சொல்லியிருந்தார். அவர் ஒன்றையும் விடவில்லை. நான் சாப்பிட்டுத் திரும்பினால், மனுஷன் உளியும் சுத்தியுமாக வண்டியின் மூக்கில் கடைசி எழுத்தை முடித்துக்கொண்டிருக்கிறார்!

"அடப்பாவி! யோவ், இது என்ன அண்டாவா?"

"சீருதானே?" என்றார், தலை நிமிராமல்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த ஆச்சி எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"பேரு வெட்டியாச்சே. பிள்ளை பேருமேல பெயிண்டப் பூசுறதாவது! வேணாம், அந்த ஆள வரவேணாம்னு சொல்லிரு."

ஆசாரியைத் திட்டுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

கல்யாணம் முடிந்து வண்டியோடு என்னையும் பள்ளத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அடுத்த கண்டம். நான் ஓட்டினால் பக்கத்தில் ஒருவர்தான் உட்காரலாம். புது ஜோடியில் யாரை வீட்டில் விடுவது?

"பின்னாடி அறுத்து நீட்டி ரெண்டு சீட்டப் போட்ருவோம். அப்படியே செகப்புப் பெயிண்டும் அடிச்சுரு" என்றார் மாப்பிள்ளை.

மணப்பெண் கதவோரம் நின்றிருந்தார். அதுவரை என் காதுபட ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பேரு வெட்டியிருக்குல்ல? அது ஏஞ் சாமான். நான் அறுக்க விடமாட்டேன்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "சரி, ஒஞ் சாமான்தான். அப்ப நம்ம ரெண்டு பேரும் எப்படிப் போறதாம்?"

மணப்பெண் என் பக்கம் திரும்பினார். "டிரைவரண்ணே, எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க."

ஆடிப்போய்விட்டேன். பொம்பளைப் பிள்ளை மோட்டார் ஓட்டி அந்தப் பக்கத்தில் யார் கண்டது? மாப்பிள்ளை சரியென்று தலையை ஆட்டினார். கண்மாய்க்கரை ரோட்டில் சொல்லிக்கொடுத்தேன். கியர் மாற்றும்போது கை நிறைய வளையல் குலுங்கும். கண் மட்டும் ரோட்டை விட்டு அசையாது. என்னமாய்ப் பிடித்துக்கொண்டார்!

ஒரு நாள் காலை மாப்பிள்ளையும் கண்மாய்க்கரைக்கு வந்தார். நான் இறங்கி என் இடத்தை அவருக்குக் கொடுத்தேன். அவர் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மணப்பெண், இப்போது எங்கள் சின்ன ஆச்சி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வெட்டிய எழுத்துகளின் மேல் மேகம் ஓடியது. ஒரு தகடு குறையவில்லை, ஒரு பொட்டுப் பெயிண்ட் படவில்லை. எனக்குத்தான் அதில் இடமில்லை.

வயிறு எரிந்திருக்க வேண்டும். வாயோ தானாக "அம்மாடியோவ்!" என்றது. புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஊருக்கு நடந்தேன்.