திரவியத்திடம் யாரும் சொல்லவில்லை

திரவியம் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது அவளுக்குக் கல்யாண மஞ்சள்கூட மங்கவில்லை. நகரசபைக் குப்பை வேலைக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆள் சேர்த்த மேஸ்திரி, அவளையும் புருஷன் புலமாடனையும் செங்கோட்டை வழியாக ரயிலில் கூட்டிவந்து, கிள்ளியாற்றுக்கு அப்புறம் ஓலைக் குடிசைகள் வரிசையாக நின்ற ஓரிடத்தில் விட்டான். ஊர் அதைத் தோட்டி லைன் என்றது. அங்கே இருந்தவர்கள் லைன் என்று மட்டும் சொன்னார்கள்.

அவளுக்கு வலியசாலை கிடைத்தது. அக்ரஹாரத்து வீடுகளின் பின்னால் போகும் சந்தில் நுழைந்து, கக்கூஸ் வாளிகளை எடுத்துக் கொட்டி, சந்தைக் கூட்டிவிட்டு வரவேண்டும். வாசல் தெருவில் அவள் நடக்கக்கூடாது. அந்த வீடுகளின் முகப்பு எப்படி இருக்கும் என்று பல வருஷம் அவளுக்குத் தெரியாது. மலையாளத்தில் அவளுக்குப் பழகிய சொற்கள் எல்லாம் ஏவல் சொற்கள்: வா, போ, மாறு, எடு. மகள் உலகம்மை பிறந்தாள். நடுவில் இரண்டு தங்கவில்லை. பிறகு தளவாய் பிறந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், மலையாளக் கும்ப மாதமான மாசி வெயிலோடு சாலைக் கடைத்தெருப் பக்கம் பெரியம்மை தலைகாட்டியது. நகரசபை தண்டோரா போட்டது. பள்ளிக்கூடத்துச் சுவரிலும் கோயில் பக்கத்திலும் மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தண்டோரா ஆற்றைத் தாண்டவில்லை. நோட்டீஸ் ஒட்டிய இடங்களுக்கு லைன் ஆட்கள் போக முடியாது; போயிருந்தாலும் படிக்கத் தெரியாது.

ஒருநாள் காலையில் சந்தில் கூட்டும்போது, பாகீரதி என்ற மாமி கொல்லைக் கிணற்றடியில் தன் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததைத் திரவியம் பார்த்தாள். மூன்று பிள்ளைகளுக்கும் மேல்கையில் வட்டமாகப் பொருக்குத் தட்டிய புண். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியே இருந்ததைச் சற்று முன்னால்தான் கண்டிருந்தாள்.

"என்னம்மா, எல்லாப் பிள்ளைக கையிலயும் புண்ணு?"

"புண்ணில்லை. அச்சு குத்தியிருக்கா," என்றாள் பாகீரதி. "ஸ்கூல்ல சேக்கணும்னா இது இருக்கணுமாம். சர்க்கார் உத்தரவு."

"நோவு உண்டாம்மா?"

"ரெண்டு நாள் காந்தும். நீ அந்த மூலையைச் சரியாக் கூட்டு."

பாகீரதி பொல்லாதவள் இல்லை. பண்டிகை நாளில் சந்துக் கதவோரம் இலையில் சாதம் வைக்கிறவள். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அச்சு குத்துவது அம்மைப்பால் குத்துவதுதான், அது குத்தினால் பெரியம்மை வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. திரவியம், அது பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டாள். உலகம்மைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. லைனில் வேறு பேச்சும் இருந்தது. அச்சு குத்திய ஆளைச் சர்க்கார் பதிந்துவைத்துக்கொண்டு மலைத் தோட்டத்துக்குப் பிடித்துப் போகும் என்று தேயிலைக்காட்டிலிருந்து தப்பிவந்த ஒருவன் சொல்லியிருந்தான். பிள்ளைகளின் கையில் கண்டதை அவள் அன்றே மறந்துவிட்டாள்.

அடுத்த மாதமான மீனம் பிறக்கும்போது லைனில் ஒரு கிழவன் அம்மை கண்டு செத்தான். அடுத்து உலகம்மைக்குக் காய்ச்சல் அடித்து முத்துப் போட்டது. வேப்பிலை கட்டினார்கள். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று விளக்கு வைத்தார்கள். திரவியம் வேலைக்கும் போகவேண்டியிருந்தது. போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவான். ஒருநாள் சந்துக் கதவில் பாகீரதி நின்றாள்.

"உன் பொண்ணுக்குப் போட்டிருக்காமே. தலைக்குத் தண்ணி விடற வரைக்கும் நீ இந்தப் பக்கம் வராதே திரவியம். இங்கே குழந்தைகள் இருக்கா."

"சரிம்மா," என்று திரும்பினாள் திரவியம்.

உலகம்மைக்கு முகம் தெரியாமல் முத்துக் கூடிவிட்டது. தொண்டைக்குள்ளும் போட்டதால் தண்ணீர் இறங்கவில்லை. கடைசியில் அம்மா என்ற சொல்கூட வரவில்லை. கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். ஒரு மத்தியான நேரத்தில் அந்தக் கை தூக்குவது நின்றது. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஆற்றங்கரை மணலிலேயே புதைத்தார்கள்.

அதன் பிறகுதான் சுகாதார அதிகாரி போலீஸோடு வந்தார். அவர் ஆற்றைத் தாண்டாமல் நகரத்துப் பக்கமே நின்றுகொண்டார். லைனுக்குள் வந்தவன் அச்சு குத்தும் உத்தியோகஸ்தனான ராஜையன். விளவங்கோட்டுக்காரன், வேதக்காரன் என்று சொல்லும் கிறிஸ்தவன். நோய் பரவாமலிருக்கச் செத்தவர்களின் குடிசைக் கூரையைப் போலீஸ் கொளுத்தியது. அதைப் பார்த்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாழங்காட்டுக்குள் ஓடினார்கள். புலமாடன் தளவாயை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். திரவியம் மட்டும் எரிகிற தன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேடிக்காண்டாம், பயப்படாதீங்க அக்கா," என்றான் ராஜையன். "அம்மைப்பாலுதான். இத குத்தினா பெரியம்மை வராது."

அவன் திறந்த பெட்டியில் சிறு குப்பியும் குத்தூசியும் இருந்தன.

"இதத்தான் அச்சுன்னு சொல்லுதாகளா?"

"அதுதான்."

"வலியசாலையில பிள்ளைகளுக்குப் போட்டது?"

"அதுவும் நான்தான் போட்டேன்."

திரவியம் குனிந்து குப்பியைப் பார்த்தாள். "இது எப்பத்திலேருந்து உண்டு?" என்றாள்.

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே. எங்க ஊர்ல ஆராதனை முடிஞ்சா பாதிரியாரே சொல்லுவாரு, எல்லாரும் போய்க் குத்திட்டு வாங்கன்னு. எங்க அம்மைக்கும் குத்தியிருக்கு."

"எங்ககிட்ட ஏன் யாரும் சொல்லல?"

ராஜையன் ஆற்றுக்கு அந்தப் புறம் நின்ற அதிகாரியைத் திரும்பிப் பார்த்தான். "இந்த லைன் என் ரவுண்டுல இல்ல அக்கா. நான் கேட்டேன். அங்க யாரு போய்த் தொடுவான்னு சொல்லிட்டாவ. நானும் பிறகு கேக்கல்ல."

அவள் தாழங்காட்டுக்குப் போனாள். புலமாடன் பிள்ளையைத் தர மறுத்தான். "ஒண்ணப் பறிகொடுத்தது போதாதா? இதையும் அவன்கிட்ட குடுக்கணுமா?" என்றான். அவள் அவன் கைகளைப் பிரித்துத் தளவாயை எடுத்தாள். எடுக்கும்போதே பிள்ளையின் உடம்பு சுட்டது.

ராஜையன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான்.

"காய்ச்சல் வந்தாச்சு. அம்மை உள்ள இருக்குபோல. இனிக் குத்தினாலும் கேக்கும்னு எனக்கு நிச்சயமில்ல. பிள்ளைக்கு ஏதாவது ஆனா, ஊசியாலதான்னு இவங்க சொல்லுவாங்க. பிறகு ஒருத்தரும் கை நீட்டமாட்டாங்க."

"குத்துங்க," என்றாள்.

தளவாய் பிழைத்தான். கண்ணிலும் முத்துப் போட்டதில் இடது கண் போயிற்று. ராஜையன் பயந்தபடியே லைன் பேசியது: கண்ணைப் பறித்தது ஊசி. புலமாடனும் அதையே சொன்னான்; சாகிறவரை சொன்னான். அந்த மீனத்தில் தாழங்காட்டிலிருந்து கை நீட்ட வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வராதவர்கள் வீட்டில் பாடை கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மழை இறங்கிய பிறகு திரவியம் வலியசாலைக்குத் திரும்ப வேலைக்குப் போனாள். பாகீரதி கொல்லைக் கதவைத் திறந்து, "உன் பொண்ணு போயிட்டாளாமே," என்றாள். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அன்னைக்கு உங்ககிட்டதாம்மா கேட்டேன், பிள்ளைக கையில என்னன்னு."

பாகீரதிக்கு முதலில் நினைவு வரவில்லை. வந்ததும் முகம் மாறியது.

"உன்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணலை," என்றாள்.

திரவியம் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு அந்த வீட்டுச் சந்துக் கதவோரம் வைத்த இலைச் சாதத்தை அவள் தொடவில்லை. காக்கைகள் தின்றன. வேலையை மட்டும் விடமுடியவில்லை.

மறுவருஷம் ராஜையன் சண்டைபோட்டோ கெஞ்சியோ லைனைத் தன் ரவுண்டில் சேர்த்துக்கொண்டு வந்தான். திரவியம் அவன் முன்னால் நடந்து ஒவ்வொரு குடிசையாகக் கூப்பிட்டாள். சிலர் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி படலைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே, "உம் மவன் கண்ணு என்னாச்சு, அதச் சொல்லு," என்றாள்.

"போச்சு," என்றாள் திரவியம். "அவன் இருக்காம்லா."

படல் திறக்கவில்லை. அவள் அங்கேயே நின்று, உலகம்மைக்குத் தண்ணீர் இறங்காமல் போனதை முழுக்கச் சொன்னாள். அப்போதும் திறக்கவில்லை.

அந்த வருஷம் லைனில் சாவு குறைவு. ஆனாலும் ராஜையன் வந்துபோன பிறகு மேஸ்திரி புதிதாகக் கூட்டிவந்திருந்த ஒரு குடும்பத்தில் தகப்பனும் கைக்குழந்தையும் போனார்கள். மிஞ்சிய தாய்க்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. திரவியம் அவளைத் தன் குடிசைக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். மறுநாள் வேலை முடிந்ததும் வெயிலோடு நடந்து தம்பானூர் வரை போய், ராஜையனைத் தேடிப் பிடித்து, புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், இன்னொரு தடவை வரவேண்டும் என்றாள்.

அம்மைப்பால் குப்பி தீர்ந்துவிட்டது என்றான் அவன். புதுக் குப்பி வந்ததும் வருகிறேன் என்றான்.