அகராதிக்காரருக்குப் பெட்டி கட்டியது

அகராதியை மனிதர்கள் எழுதுகிறார்கள் என்பது வெகுநாள் வரை எனக்குத் தெரியாது. வெயில், காற்று மாதிரி அதுவும் தானாக வந்தது என்றே நினைத்திருந்தேன். அதனால், என் பள்ளிக்கூடப் பையிலிருந்த ஆங்கில அகராதியை எழுதியவர் எங்கள் எதிர் ஃபிளாட்டில்தான் குடியிருக்கிறார் என்று வாப்பா சொன்ன அன்று, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் எதிர்க் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கதவைப் போலத்தான் அதுவும் பெயின்ட் உரிந்திருந்தது. துபாய் வாடகை கட்டுப்படியாகாமல் அஜ்மானுக்கு வந்தவர்கள்தான் அந்தக் கட்டடம் முழுக்க. ஆங்கிலத்துக்கே அர்த்தம் சொன்னவருக்கும் அதே கதிதான்.

அவரைச் சார் என்போம். வயதான ஆங்கிலேயர். ஊரில் வாத்தியாராக இருந்தபோது இரண்டு நாவல்கள் எழுதினாராம். ஒருவரும் சீண்டவில்லை. வெறுத்துப்போய்க் கப்பலேறி ஏடனுக்கு வந்தவர், துறைமுகத்தில் மாலுமிகள் அரபியும் இந்தியும் தமிழும் கலந்து பேசிய இங்கிலீஷைக் கேட்டுச் சொக்கிப்போய்விட்டார். அன்று முதல், துறைமுகம் துறைமுகமாக அலைந்து அந்தச் சொற்களைச் சீட்டுகளில் எழுதிச் சேர்த்தார். பள்ளிக்கூட அகராதி வயிற்றுப்பாட்டுக்காக எழுதியது. இந்தச் சீட்டுகள்தான் அவருக்கு உயிர்.

வெள்ளிக்கிழமைகளில் உம்மா கொடுத்தனுப்பும் வட்டலப்ப இனிப்பை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போவேன். மூன்று சுவர்களிலும் செருப்புக்கடை அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் சீட்டுகள். ஒரு சொல்லின் முதல் சீட்டில்தான் அந்தச் சொல் இருக்கும். அதன் பின்னால் நிற்பவற்றில், அதை யார், எந்தத் துறைமுகத்தில், எப்படிச் சொன்னார்கள் என்பது மட்டும். இடம் மாறினால் எந்தச் சீட்டு எந்தச் சொல்லுக்கு உரியது என்று அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும். நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அந்த அறைக்குள் நடப்பேன்.

சாருக்கு விசா கொடுத்திருந்த அரபி முதலாளி தன் கம்பெனியை மூடிவிட்டார். அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே போய் அகராதியை முடித்து அச்சுக்குக் கொடுப்பதாகத் திட்டம். பெட்டி கட்ட உம்மாவின் தம்பி, என் மாமா, தானாக முன்வந்தார். மாமாவுக்கு ஜெபல் அலியில் கார்கோ கம்பெனி வேலை. வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பெட்டி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிளாஸ்கின் வயிற்றுக்குள் சோப்பு, ஷூவுக்குள் பாதாம், போர்வை மடிப்பில் டார்ச் லைட் என்று இண்டு இடுக்கு விடாமல் நிரப்பிவிடுவார்.

விசா கேன்சல் வேலையாகச் சார் துபாய்க்குப் போன காலையில், உம்மாவையும் என்னையும் துணைக்கு வைத்துக்கொண்டு மாமா வேலையைத் தொடங்கினார். செருப்புப் பெட்டிகளைத் திறந்து பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா இது? பாதிப் பெட்டி சும்மா கிடக்கு. காத்தையா சீமைக்கு அனுப்புறது?"

எல்லாவற்றையும் கொட்டினார். பெரிய சீட்டோடு பெரியது, சின்னதோடு சின்னது என்று அளவு பார்த்துச் சேர்த்து, நான்கே பெரிய அட்டைப்பெட்டிகளில் அடைத்து, டேப் ஒட்டிக் கயிறும் கட்டிவிட்டார். செருப்புப் பெட்டிகள் கீழே குப்பைத்தொட்டிக்குப் போயின. கொஞ்சம்கூடக் குலுங்காத அந்தப் பெட்டிகளைப் பார்த்து, சீட்டுகளின் வரிசையை மறந்து நானும் கைதட்டினேன்.

மதியம் வாப்பாவும் சாரும் சேர்ந்தே படியேறி வந்தார்கள். சார் வெறும் சுவர்களைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். மாமா நடந்ததைப் பெருமையாக விளக்கினார். எங்களில் வாப்பாதான் முதலில் புரிந்துகொண்டார்.

"அட பாவி, என்ன காரியம்டா பண்ணிட்டே! அவரு ஆயுசு பூரா அடுக்கி வச்சதுடா அது!"

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. அழுதுவிடுவார் போலிருந்தது.

சார் மெல்ல ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பக்கத்துப் பெட்டியின் மூலையைப் பிரித்து ஒரு சீட்டை உருவிப் படித்தார். சிரித்தார். இதைச் சொன்னவன் ஒரு சமையல்காரன், பஸ்ராவில், பல்வலியோடு சொன்னான் என்றார். இன்னொன்றை உருவினார். அதற்கும் ஒரு ஆள், ஒரு துறைமுகம். எதைத் தொட்டாலும் ஒரு மனிதன் எழுந்து வந்தான். பிறகு மாமாவின் தோளைத் தட்டி, இவற்றையெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, சோம்பலாக இருந்தது, இனித் தப்ப முடியாது, உனக்கு நன்றி என்று இங்கிலீஷில் சொன்னார். மாமாவுக்கு உயிர் வந்தது. அந்த மூலைக்கு மறுபடி டேப் ஒட்டினார்.

அத்தனை சொற்களையும் திரும்பப் படிப்பதை ஒரு விருந்து போலப் பேசுகிறாரே, இவரல்லவா பெரிய மனிதர் என்று நினைத்தேன்.

ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வந்தபோது, புத்தகம் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் என்னையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீ உன் அம்மா உயரத்துக்கு வளர்ந்ததும் என்றார். சீக்கிரம் வளர வேண்டும் என்று அன்று முதல் பாலைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். நான் வளர வளர அவருக்கும் வயதாகும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.