மேடத்துக்குப் போகாத கேள்வி

கையைத் தூக்கினால் போதும் என்று மேடம் சொல்லியிருந்தும் அவர் எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஒரு சந்தேகம் தம்பி, மேடத்துகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். போடிமெட்டிலிருந்து கேரளப் பக்கம் சற்று உள்ளே தள்ளியிருந்த ஏலக்காய்த் தோட்டம் அது. காய் உலர்த்தும் ஸ்டோரின் முன்பக்கம் பெஞ்சு போட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பூச்சிமருந்தை ஆபத்தில்லாமல் அடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்து, தேறியவர்களுக்குச் சான்றிதழ் தரும் ஒருநாள் பயிற்சி.

மேடம் மலையாளத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். மருந்தடிக்கிற பன்னிரண்டு பேரும் தினமும் போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் மலையேறி வருகிறவர்கள். கடைகண்ணிக்குப் போய்வரும் அளவுக்குத்தான் அவர்களுக்கு மலையாளம் தெரியும். வகுப்பெடுக்க வந்த விவசாய ஆபீசரான மேடம் ஆலப்புழைப் பக்கத்துக்காரர். நிறுத்திப் பேசினால் தமிழ் பிடிபடும், இவர்கள் பேசும் வேகத்துக்கு ஒன்றும் பிடிபடாது. நானோ மலையிலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்த தமிழன், தோட்டத்தில் தற்காலிக சூப்பர்வைசர். இரண்டு மொழி தெரிந்ததில் அப்போது எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மேடம் ஐந்து நிமிடம் விளக்கியதை நான் அரை நிமிடத்தில் முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக் குழாய் பிடிப்பதில் அந்தத் தோட்டத்தில் எழுந்து நின்றவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் மருந்து டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து எது எவ்வளவு விஷம் என்று சொல்ல மேடம் கற்றுக்கொடுத்தபோது முதலில் பிடித்துக்கொண்டவர் அவர்தான். அப்படிப்பட்டவர் கேட்ட கேள்வி இது: "நாங்க மருந்தடிச்ச அன்னைக்கே பொம்பளையாளுக அதே காட்டுல காய் எடுக்க எறங்குறாங்க. அது சரியா தப்பா? எம் பொஞ்சாதியும் அதுல ஒருத்தி. வாடை தாங்கல, தலை சுத்துதுங்குறா. போமாட்டேன்னு நெதம் சண்டை."

பதில் எனக்குத் தெரியும். மேடம் கொடுத்த தாளில் இருந்தது, தாள் என் கையில் இருந்தது. மருந்தோடு வரும் குறிப்பில் சொல்லியிருக்கும் காலம் முடியும்வரை அடித்த காட்டுக்குள் யாரும் இறங்கக் கூடாது. ஆனால் அது காய் எடுப்பு மும்முரமாக நடந்த நேரம். பக்கத்து நாற்காலியில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில் இருந்தது. இதையெல்லாம் சொல்லி அவர் தலையில் பழியைப் போட எனக்கு ஆசைதான். உண்மை என்னவென்றால் அவர் வாயே திறக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். நாய் வேஷம் போட்டால் குரைக்கத்தானே வேண்டும்? நான் யாரும் சொல்லாமலே குரைத்தேன்.

மேடத்திடம், "சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்" என்று மலையாளத்தில் சொன்னேன். மேடம் சிரித்துவிட்டு, இரண்டு வாரத்தில் கட்டாயம் வரும் என்றார். நான் திரும்பி, "வாடை போயிருச்சுன்னா அன்னைக்கே எறங்கலாமாம் அண்ணே" என்றேன். அவர் மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மேடமும் கும்பிட்டார். இருவர் முகத்திலும் அவ்வளவு திருப்தி.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடமே அந்த விஷயத்துக்கு வந்தார். காட்டுக்குள் எத்தனை நாள் யாரும் இறங்கக் கூடாது, வாடை இல்லையென்றாலும் இலையில் மருந்து இருக்கும், காய் எடுக்கிறவர்களின் கையில் அது ஏறும் என்று பொறுமையாக விளக்கினார். நான் அதை அப்படியே விழுங்கிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சொன்னேன். முதல் பொய்க்குத்தான் நாக்கு கூசியது. இரண்டாவது தானாக வந்தது.

சான்றிதழ் சொன்னபடி வந்தது. என் கடிதமும் வந்தது. அண்ணன் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினாராம். அடுத்த மருந்தடிப்பு நடந்த அன்று மதியமே, அவர் மனைவி காய் எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே சுருண்டு விழுந்தார். வாயில் நுரை, வேர்வை, கை கால் நடுக்கம். ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் இறங்கினோம். அண்ணன் மடியில் மனைவியின் தலை இருந்தது. "போமாட்டேன்னுதான் சொன்னா தம்பி. நாந்தான் மேடமே சொல்லிட்டாங்க, உனக்கென்னடி தெரியும்னு வஞ்சு அனுப்புனேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அந்தப் பெண்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், மருந்தடித்த காட்டில் வேலை செய்தாரா என்று கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டு, "மருந்தா இருக்காது சார். நான் வகுப்புல கேட்டேன், பயமில்லைன்னு ஆபீசரே சொன்னாங்க" என்றார். நான் சொன்ன பொய் எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குள் போய் நின்றது. டாக்டர் வேறு என்னென்னவோ கேட்கத் தொடங்கினார். அவர் வராந்தாவுக்கு வந்ததும் பின்னாலேயே ஓடி, இன்ன மருந்து, காலையில் அடித்தது, மதியம் இறங்கினார்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்த அம்மா பிழைத்தார். ஆனால் அதன்பிறகு மலைக்கு வேலைக்கு வரவில்லை, விரல் நடுக்கம் நிற்கவேயில்லை என்று கேள்விப்பட்டேன்.

டாக்டரிடம் தனியாகச் சொல்லத் தெரிந்த எனக்கு அண்ணனிடம் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மருந்துதானாம் தம்பி. அவ ஒடம்புக்குத்தான் ஒத்துக்கல. மத்தவங்க எறங்கத்தான செய்றாங்க. ஆபீசர் தப்பாவா சொல்லுவாங்க?" என்றார். இல்லை அண்ணே, ஆபீசர் சொல்லவில்லை, நான் சொன்னேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சுற்றிலும் யாரும் இல்லை, மேனேஜரும் இல்லை. நான் தலையை ஆட்டினேன். தன் பெண்டாட்டியின் உடம்பைக் குற்றம் சொல்லிக்கொண்டு அவர் போனார். அதை இப்போது நினைத்தாலும் என்னால் உட்கார முடியாது, எழுந்து நடந்துவிடுவேன்.

தோட்ட வேலையை விட்டுப் பல வருடமாகிறது. இப்போது நானே இந்தப் பயிற்சியைத் தமிழில் நடத்துகிறேன். பிராயச்சித்தம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. எல்லா வகுப்பிலும் அந்தக் கேள்வியை நானாகவே கேட்பேன். போன மாதமும் கேட்டேன். நடுவயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்தபடியே, "வாடை போயிருச்சுன்னா அன்னைக்கே எறங்கலாம் சார்" என்றார். நான் சொன்ன அதே வார்த்தைகள். யார் சொன்னது என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"எங்கூர்ல சர்ட்டிபிகேட் வாங்குன அண்ணன் ஒருத்தரு இருக்காரு சார். அந்தக் காலத்துல ஆபீசர்கிட்ட நேராவே கேட்டாராம். ஊருல மருந்தடிக்கிற எல்லாரும் அவருகிட்டதான் கேப்போம்."

அது தவறு என்று சொல்லி, சரியானதைப் பலகையில் எழுதி, இரண்டு தடவை எல்லாரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். அந்த மட்டில் என் வேலையில் குறையில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப அவருக்கு அன்னைக்குக் காது கேக்கல போல. இத்தன வருசமா ஊரையே ஏமாத்தியிருக்காரு மனுசன்" என்றார். வகுப்பே சிரித்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.