அப்பா சுடப்பட்ட நாள்

என் அப்பாவை ஒரு நாள் முழுக்கச் சுட்டார்கள். காலையில் ஆரம்பித்து வெயில் தாழும்வரை சுட்டும், அவர் இயக்குநருக்குப் பிடித்த மாதிரி சாகவில்லை. அந்தப் படம் கடைசிவரை வெளிவராமலே போனது வேறு விஷயம். இப்போதும் டிவியில் யாராவது துப்பாக்கியைத் தூக்கினால் நான் சேனலை மாற்றிவிடுகிறேன். பயமெல்லாம் இல்லை, ஒரு அலுப்பு.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம் ஒன்று இருந்தது. அடியில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கி நிற்கும். சினிமாக்காரர்களுக்கு அது போதுமே. பண்ணையார் ஒருவர் குடியானவனைச் சுட்டுக் கொல்லும் காட்சிக்கு ஒடுங்கிய, பரிதாபமான முகம் ஒன்று தேடினார்கள். அப்பாவுக்கு இயல்பிலேயே அந்த முகம்தான். "உசுரோட இருக்கற மனுசனுக்கு எதுக்கு இந்தப் பொண வேஷம்?" என்று அம்மா சண்டை போட்டாள். அப்பா கேட்கவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து கொண்டுவந்த மரத்துப்பாக்கி, பண்ணையார் வேஷம் கட்டிய நடிகரின் வியர்வையில் சாயம்விட்டு அவர் கையைக் கறுப்பாக்கியது. உள்ளூரில் யாரிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது என்று விசாரித்து ஒருவரை வண்டி வைத்து அழைத்துவந்தார்கள். வந்து இறங்கியவர் என் பெரியப்பா. மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற லைசென்ஸ் வாங்கி, இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அதை இன்னொருவர் கையில் கொடுப்பது குற்றம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் வீட்டுச் சிக்கல். அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. போர்வெல் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் வந்த சண்டை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால், "ஒங்கப்பன்கிட்ட சொல்லு" என்று பெரியப்பா என்னிடம் சொல்வார். அப்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

துப்பாக்கி யார் நெஞ்சுக்கு நேராக நீளப்போகிறது என்று தெரிந்ததும் பெரியப்பா முகம் மாறிவிட்டது. ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியை மடக்கித் திறந்து காட்டுவார். சுடப்படுகிறவன் பின்பக்கமாகக் குழல்களுக்குள் பார்க்க வேண்டும். தோட்டா இல்லையென்றால் இரண்டிலும் வானம் தெரியும். தெரிகிறது என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் நடிகர் கைக்குத் துப்பாக்கி போகும்.

"வானம் தெரியுதான்னு ஒங்கப்பனக் கேளு."

அப்பா குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தெரியுதாம் பெரியப்பா" என்றேன் நான்.

"நீ சொல்லாத. அவன் சொல்லட்டும்."

அப்பா எதிர்க்கரையைப் பார்த்தபடி நின்றார். வெள்ளைக் கல்லில் வெயில் பட்டுக் கண் கூசியது. கேமராக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஒண்ணும் ஆகாதுங்க, குடுங்க சார்" என்று இயக்குநர் கெஞ்சினார். என் வயதுக்கு இந்த 'ஒண்ணும் ஆகாதுங்க'வை எத்தனையோ ஆபீஸ்களில் கேட்டுவிட்டேன். சொல்கிறவருக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அதன் அர்த்தம். பெரியப்பா அசையவில்லை. துப்பாக்கியைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அப்பா, யாருக்கோ சொல்வதுபோல, "தெரியுது" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஒன்றும் சரியாகவில்லை. "தெரியுதா?" "தெரியுது." நடிகர் விசையை அழுத்துவார், 'டிக்' என்று ஒரு சத்தம், அப்பா விழுவார். வெடிச்சத்தத்தைப் பிறகு சென்னையில் சேர்த்துக்கொள்வார்களாம். கண் மூடவில்லை, வேட்டி விலகிவிட்டது, மேகம் மறைத்துவிட்டது என்று மறுபடி மறுபடி எடுத்தார்கள். அண்ணன் தம்பி பேச்சு அந்த ஒரு வார்த்தையைத் தாண்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பாவுக்கே சலித்துவிட்டது. "ஒங்கப்பனையே தொறந்து பாத்துக்கச் சொல்லு" என்று நிழலில் போய்ச் சாய்ந்தார்.

டீ வந்தபோது நடிகர், "இது நெஜமாவே வெடிக்குமா சார்?" என்று கேட்டுவைத்தார். பெரியப்பாவிடம் கேட்கிற கேள்வியா அது? சட்டைப்பையிலிருந்து இரண்டு தோட்டா எடுத்துப் போட்டு, ஆளில்லாத எதிர்ச்சுவரைப் பார்த்து ஒரு குழலைச் சுட்டார். பள்ளமே அதிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நடிகர் அவர் தோளில் கைபோட்டு செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். யாரோ டீயையும் வடையையும் கையில் திணித்தார்கள். இன்னொரு குழலில் சுடாத தோட்டா இருப்பதை அந்தச் சந்தோஷத்தில் அவர் மறந்தே போனார்.

அடுத்த டேக்குக்கு அப்பா துப்பாக்கியை வாங்கித் திறந்தார். நான் ஒட்டிக்கொண்டு நின்றேன். வானம் தெரியவில்லை. இரண்டு குழலும் அடைத்துக்கிடந்தன. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிழலில் பெரியப்பா வடையைப் பிட்டபடி நாலு பேருக்குப் பன்றி வேட்டைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "தெரியுதா?" என்று திரும்பிப் பார்க்காமலே சத்தம் கொடுத்தார்.

அப்பா கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். வெடித்த கூட்டையும் வெடிக்காத தோட்டாவையும் நகத்தால் நெம்பி எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். திரும்பவும் ஒரு தடவை குழல்களுக்குள் பார்த்தார்.

"தெரியுது" என்றார்.

அந்தத் தடவை அவர் விழுந்தது இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "மொகத்துல நெஜமாவே சாவுக்களை சார்!" என்று கைகொடுத்தார். கிளம்பும்போது அப்பா தண்ணீர் ஓரம் போய், மடிப்பில் இருந்ததை எடுத்து வீசி எறிந்தார். சிவப்பு உடம்பும் பித்தளை அடியுமாக அவ்வளவு அழகாக இருந்தவை. எனக்குத் தரவில்லையே என்று வீடுவரை அழுதுகொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். ராத்திரி தூங்காத முகம். என்னை நடுவில் வைக்காமல் நேராக அப்பாவிடமே பேசினார்.

"நேத்து சுட்டப்புறம் நான் தோட்டாவ எடுக்கவே இல்லடா. வூட்டுல போய்ப் பாத்தா துப்பாக்கில ஒண்ணும் காணோம். நீ எடுத்தியா?"

"இல்லண்ணே. காலியாத்தான் இருந்துச்சு. நீங்க எடுத்துட்டு மறந்துருப்பீங்க."

பொய் சொன்னால் என் காதைத் திருகுகிற அப்பா! எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பாதான் எடுத்துத் தண்ணில போட்டுட்டாங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா அப்படியே படியில் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அப்பாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியப்பா அவ்வளவு பெரிய ஆள். போனது ரெண்டே ரெண்டு தோட்டா, அதிலும் ஒன்று வெடித்துத் தீர்ந்தது. இதற்குப் போய் இப்படியா என்று எனக்கு வெறுத்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்காமல், "வேற வாங்கிக்கலாம், அழுவாதீங்க பெரியப்பா" என்று சமாதானம் சொன்னேன்.