நீலச் சிறகில் சிவப்பு ஒட்டு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் துறைமுக லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது என் தொழில். ஆடி மாதம் காரில் வந்த ஓர் இளைஞர், கிழிந்த நீலச் சிறகு ஒன்றைக் கடையில் விரித்தார். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. ஓரத்தில் காற்றடித்து உப்ப வைக்கும் குழாய். ஏரியில் பலகை மேல் நின்று இதைக் கையில் பிடித்தால் காற்று இழுத்துப் போகுமாம். பலகைக்கு அடியில், தண்ணீருக்குள், இன்னொரு இறக்கை உண்டாம். வேகம் வந்ததும் அது பலகையையே மேலே தூக்கிவிடுமாம். முள்வேலியில் மாட்டித் துணி நீளமாகக் கிழிந்திருந்தது.

என்னிடம் மெல்லிய நீலத் துணி இல்லை. பழைய கூடாரத்தின் சிவப்புத் துணியை வைத்து இரட்டைத் தையல் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கே எடுத்துட்டு வந்துடுங்கண்ணே. பறக்கறதையும் பாக்கலாம்" என்று சொன்னது அவர்தான்.

நான் தைத்த தார்ப்பாய்கள் லாரியேறிப் போனால் போனதுதான். காற்றில் என் தையல் நிற்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. மனைவியையும் கூட்டிக்கொண்டு, மணலி தாண்டி இருக்கும் அந்தச் சின்ன ஏரிக்குப் போனேன்.

ஏரிக்குக் கேட் போட்டிருந்தார்கள். சிறகை வாங்கிக்கொண்ட இளைஞர், "சரிண்ணே, நீங்க கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"மெம்பருங்க மட்டும்தான்" என்று காவலாளி கதவைச் சாத்தினார். நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மனைவி விடவில்லை. "ஏரி இன்னா உங்க வூட்டு அண்டாவா? மூடி போட்டு வச்சிக்கினு கீறீங்க!"

"யக்கா, என் வேலைக்கு வேட்டு வைக்காதக்கா" என்றார் காவலாளி.

சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனோம். அங்கே வேலி இல்லை, எருமைகள்தான் நின்றன. சற்று நேரத்தில் நீலச் சிறகு எங்களை நோக்கி வந்தது. பலகை தண்ணீரை விட்டு எழும்பியது. நடுவில் சிவப்பு ஒட்டு உப்பிக்கொண்டு நின்றது.

"யோவ், உன் ஒட்டுய்யா அது!" மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

திடீரென்று காற்று நின்றுவிட்டது. பலகை தண்ணீரில் உட்கார்ந்தது. இளைஞர் அதன் மேல் குப்புறப் படுத்து, சிறகையும் இழுத்துக்கொண்டு, கையால் தள்ளித் தள்ளி, முழங்கால் வரை சேற்றோடு எங்கள் கரையில் ஏறினார்.

"அண்ணே, கேட் வரைக்கும் போர்டைக் கொஞ்சம் தூக்கிட்டு வாங்களேன்."

"இந்தாண்ட கரை மெம்பருக்கு மட்டும்தான் சார். உங்ககிட்ட கார்டு கீதா?" என்றாள் மனைவி.

அவர் சிரித்தார். கேட்டில் நடந்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

பலகையை நான் தொடவில்லை. சிறகை மட்டும் வாங்கி, ஒட்டின் ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு தையல்கூடப் பிரியவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

"சரி தம்பி, நீங்க கிளம்பலாம்" என்றேன்.

பஸ் ஏறும் வரை மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைத் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு யார் கேட் போடச் சொன்னது? கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

புரட்டாசி முதல் தேதி.