அவளுடைய பாதி வசனங்கள்

சூளகிரி கம்பெனியில் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், வாசலில் நின்று வேதாகமத்தின் நூற்றிருபத்தோராம் சங்கீதம் சொல்வோம். ஒரு வசனம் நான், அடுத்தது என் மனைவி. கோயிலில் ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று என மாற்றி மாற்றி வாசிப்போமே, அந்தப் பழக்கம்தான். தூத்துக்குடியிலிருந்து கூடவே வந்தது. இந்தச் சங்கீதம் எருசலேமுக்குப் பண்டிகைக்குப் போன யூதர்கள் வழியில் பாடியது, இன்றும் நோயாளிகளுக்காகவும் பிரசவ நேரத்திலும் அவர்கள் சொல்வதுண்டு என்று போதகர் ஒருமுறை சொன்னார். யார் காதில் வாங்கினது? பைக்கை உதைக்கிற அவசரத்தில் மளமளவென்று ஒப்பித்துவிட்டுப் போவேன்.

போன வருடம் அவளுக்கு வயிற்றில் கட்டி. ஓசூரில் ஆபரேஷன். "பார்க்கலாம்" என்றார் டாக்டர். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவளை உள்ளே கொண்டுபோனதும் வராந்தாவில் சங்கீதத்தைத் தொடங்கினேன். முதல் வசனம் வந்தது. இரண்டாவது வரவே இல்லை. அட கடவுளே! இத்தனை வருடமும் என் வசனங்களை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவளுடைய பாதி அவளோடு உள்ளே போய்விட்டது. பையில் வேதாகமம் இருந்தது. படிக்கிற கண்ணாடி வீட்டில்.

துணைக்கு வந்திருந்தவர் பக்கத்து வீட்டு அம்மா. ஓசூர் பக்கத்துப் பேரிகைக்காரர், வீட்டில் கன்னடம். கோயிலிலும் பெண்கள் பக்கத்தில் அவர் மட்டும் கன்னடத்தில்தான் வாசிப்பார். அதற்காக எத்தனை தடவை திரும்பி முறைத்திருக்கிறேன்!

"ஏன்ணா நின்னுட்டீங்க?"

சொன்னேன்.

"அவ்ளோதானா? அவங்க வசனத்த நான் சொல்றேன். நீங்க உங்களத சொல்லுங்க."

நான் தமிழில், அவர் கன்னடத்தில். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெரிய ஆறுதலாகவும் இருந்தது. ஏழாவதை முடித்தேன். எட்டாவது, போக்கையும் வரத்தையும் காப்பார் என்கிற கடைசி வசனம். அவர் வாய் திறப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"வேணாம்மா. அத அவ வந்து சொல்லட்டும்."

அவர் தலையாட்டிவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். குனிந்து ஏழாவது வசனத்தைச் சொன்னேன். குரல் உடைந்தது.

அவள் உதடு காய்ந்திருந்தது.

"நடுவுல ஒரு வார்த்தைய முழுங்கிட்டீங்க" என்றாள். பிறகு மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல், எட்டாவதைச் சொன்னாள்.